பையில் இருந்த கல்

டாக்டரம்மாவின் அறையில் அன்று இருந்தவர்கள் நான்கே பேர்: டாக்டரம்மா, மூக்குக்கண்ணாடிக் கடைப் பெரியவர், அவருடைய தம்பி, தம்பி மனைவி. உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்று பெரியவரே கதவைச் சாத்தினார்.

தம்பியின் கண்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. கடைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபார்ப்பது அவன் வேலை. முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம்தான். வந்தவர்கள் கண்ணாடியை விட்டுவிட்டு அவன் கண்ணைப் பார்த்தார்கள். ஆள் ஊற்றிக்கொள்கிறான் என்று தெரு முணுமுணுக்கத் தொடங்கியது. மூன்று தலைமுறையாகக் குடியைத் தொடாத வீடு அது. பெரியவர் ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் தம்பிக்கு மாட்டிவிட்டார்.

"கடைக்குள்ள இதைப் போட்டுக்கிட்டு நின்னா, திருடவும் செய்யறான்னு சொல்வாங்கண்ணே," என்றான் தம்பி.

அறையில் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். பித்தப்பை நிறையக் கல். அதில் ஒன்று நழுவி, பித்தக் குழாயை அடைத்திருந்தது.

"ரெண்டு வழி இருக்கு. வாய் வழியா கேமரா விட்டுக் குழாயில இருக்கிற கல்லை முதல்ல எடுத்துடலாம். அப்புறம் இன்னொரு நாள் வயித்துல சின்னத் துளை போட்டுப் பையை எடுக்கணும். இல்லேன்னா, துளை வழியாவே ஒரே மயக்கத்துல ரெண்டையும் முடிச்சிடலாம். அதுல சிலருக்குக் கொஞ்ச நாள் விலாவுல ஒரு குழாய் தொங்கும்."

"தொங்கினா தொங்கட்டும் மாமா," என்றாள் தம்பி மனைவி. "ஒரே தடவையில முடிச்சிடலாம். இவரை மறுபடி இங்க இழுத்துட்டு வர்றது ஆகிற காரியமா?"

"கட்டினவளுக்குத்தான் என் அருமை தெரியும்," என்று தம்பி சிரித்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. "தழும்பு இல்லாம, சீக்கிரமா கடையில வந்து நிக்கலாம்னா எது?"

"முதல் வழி. ஆனா அது பாதி வேலைதான். பையை விட்டு வெச்சா கல்லு திரும்ப இறங்கும்."

பெரியவர் பாதி வேலைக்குத் தலையசைத்தார்.

கண் தெளிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தம்பியைக் கடை வாசலை ஒட்டியே நிறுத்தினார் பெரியவர். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும். பையை எடுக்கும் நாள் வந்தபோது, "இப்பப் போய்ப் படுத்தா மறுபடி கதை கட்டுவாங்க. கொஞ்சம் பொறு," என்றார். தம்பி மனைவி கேட்டாள். திரும்பவும் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மழைக்காலத்தில் ஓர் இரவு தம்பிக்குக் குளிர்க் காய்ச்சல் கண்டது. கண் பழையபடி மஞ்சளானது. விடிந்ததும் தெருவுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்றார் பெரியவர். விடிந்து போனபோது சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. தம்பி திரும்பி நடந்து வரவில்லை.

கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். எதிர்க்கடைப் பூட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஈரல் போயிடுச்சாம். அந்தப் பழக்கம் யாரை விட்டுது?"

பெரியவர் எழுந்து நின்றார். முதுகு வளையவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"என் தம்பி ஒரு சொட்டுக் குடிச்சதில்லை," என்றார். "அவனுக்கு ஈரல்ல நோய் இல்லை. கல்லு. குழாயில இருந்ததை எடுத்தோம். பையில இருந்ததை எடுக்கலை."