இன்ஜினியர் வைத்த ரவுட்டர்

குடும்பத்தில் அவரை எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் சொல்வார்கள். தண்ணீர்ப் பம்பு இன்ஜினியர். பம்புக்கும் வயர் உண்டு, ரவுட்டருக்கும் வயர் உண்டு என்ற ஒரே தகுதியில் தம்பி வீட்டு இணையமும் அவர் பொறுப்புக்குப் போனது. தம்பி மனைவியின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முதலில் பம்பு ஒழுங்காகத் தண்ணீர் ஏற்றட்டும் என்று சொல்லியிருப்பாள்.

அவள் வீட்டிலிருந்தே ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகளின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து கொடுப்பவள். அன்று காலை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவள் வீட்டில் இருக்கும் ரக ரவுட்டரில் பெரிய ஓட்டை இருக்கிறதாம். வெளியிலிருந்து திறக்கும் வசதி போட்டிருந்தால், பாஸ்வேர்டே இல்லாமல் எவனும் உள்ளே வரலாமாம். அடைப்பதற்கான அப்டேட் வந்து மாதக்கணக்காகிறது. உடனே சரிசெய்ய வேண்டும். யாராவது நுழைந்தது தெரியவந்தால் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் வேலை போய்விடும்.

கணவன் வழக்கம்போல் அண்ணனுக்குப் போன் போட்டான். நன்றாக ஓடுகிற மெஷினில் கை வைக்கக் கூடாது, புதுப்பெட்டி விற்பதற்காகக் கிளப்பிவிடும் புரளி இது என்று இன்ஜினியர் திருவாய் மலர்ந்தார். கணவன் தலையாட்டினான். போனில்கூடத் தலையாட்டுகிற பிறவி.

அவள் இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு ரவுட்டரைக் கவிழ்த்தாள். அடியில் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டதும் உள்ளே விட்டது. மகானுபாவர் அதைக்கூட மாற்றவில்லை. ஆனால் கம்பெனி மூடியே அனுப்பும், வெளியிலிருந்து திறக்கும் வழியை மட்டும் மெனக்கெட்டுத் திறந்து வைத்திருந்தார். அவள் அதை மூடினாள், அப்டேட்டை ஏற்றினாள், யாரும் ஊகிக்க முடியாத நீளத்தில் புதுப் பாஸ்வேர்டு வைத்தாள். ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துபோன வேலை.

மறுநாள் இன்ஜினியர் நேரில் வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? நேத்திலேருந்து என்னால உங்க ரவுட்டருக்குள்ள போக முடியல."

உள்ளே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டாள். அவர் கொஞ்சமும் கூசவில்லை. யார் எப்போது எந்த இணையப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று அவ்வப்போது ஒரு கண் வைப்பாராம். பெரியவர் என்ற பொறுப்பு இருக்கிறதல்லவா என்றார். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். தெரிந்தே இருந்திருக்கிறான்.

"புது பாஸ்வேர்டை அண்ணன்கிட்ட குடுத்துடேன். எதுக்கு வீண் மனஸ்தாபம்" என்றான்.

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. திருட வருகிறவனாவது தான் திருடன் என்று தெரிந்து வருகிறான். அவள் போனை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"சார், ரவுட்டர் சரி பண்ணிட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒருத்தர் உள்ள வந்து போயிட்டிருந்திருக்கார். பேரும் விலாசமும் தரேன், எழுதிக்குங்க."

இன்ஜினியரின் சாய்வு நிமிர்ந்தது. கணவன் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான். அண்ணனைப் போய் யாரோ மாதிரி சொல்கிறாயே என்றான், போனில் கேட்காத குரலில்.

அவள் கையை உதறிவிட்டுப் போனில் தொடர்ந்தாள்.

"இல்ல சார், வீட்டு ஆள் இல்ல. வெளியாள்தான்."