நைஸ் மனைவிக்கு ஒரு வெள்ளித்தட்டு

வெள்ளித்தட்டை வெளிச்சத்தில் திருப்பியதுமே அது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கு ஆங்கில அகராதி அலுவலகத்தில் வேலை. ஒரு சொல்லின் ஒவ்வொரு அர்த்தமும் எந்தக் காலத்தில் பிறந்தது என்று பழைய புத்தகங்களில் துழாவிக் கண்டுபிடிக்க வேண்டும். "அவசரம்க்கா, உடனே வா" என்று தம்பி போனில் கெஞ்சியதால் இந்தப் பழம்பொருள் கடையின் பின்னறைக்கு வந்திருந்தாள்.

தட்டில் 1602 என்று வெட்டியிருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில், 'என் நைஸ் மனைவிக்கு'.

அந்தக் காலத்தில் எந்தப் புருஷனும் கொஞ்சுவதற்கு 'நைஸ்' என்ற சொல்லைத் தொட்டிருக்க மாட்டான். பிறந்தபோது அதன் அர்த்தம் 'மடத்தனம்'. பிறகு 'சிணுங்கல்', 'கறார்' என்று சட்டை மாற்றிக்கொண்டே வந்து 'இனிமை' ஆவதற்கு இன்னும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

போலி. அதுவும் யார் வேலை? எழுத்தின் வாலை அப்படித் தூக்கி வெட்டுகிறவன் ஊரிலேயே ஒருவன்தான். எதிரே ஸ்டூலில் வியர்த்து உட்கார்ந்திருந்த தம்பி. அவன் தோளில் கடை முதலாளி மொட்டையின் கை.

"என்ன மேடம், மூச்சையே காணோம்?" என்றான் மொட்டை. "போன மாசம் ஒருத்தன் போலியைத் தலையில கட்டினான். இப்போ பாவம், சட்டைப் பித்தான் போடக்கூட ஆள் வச்சிருக்கான்."

தம்பி தன் விரல்களை மடக்கிக்கொண்டான்.

அவள் தட்டை மெல்ல மேஜையில் வைத்தாள். "பழசுதான். சந்தேகமே இல்லை."

"சொல்லெல்லாம் சரியா இருக்கா?"

"அச்சு அசல் அந்தக் காலத்து இங்கிலீஷ்."

மொட்டை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "நேத்தே ஒரு புரொபசர் பார்த்துட்டார் மேடம். சுத்த டூப்புன்னு சொல்லிட்டார்."

அவள் கதவைப் பார்த்தாள். வெளியே யாரோ தாழ் போடும் சத்தம்.

"பயப்படாதீங்க. எனக்கு அசல் எதுக்கு? அகராதி ஆபீஸ் மேடமே அசல்னு சொன்னா வாங்குறவன் வாயைத் திறப்பானா?" மேஜைக்கடியிலிருந்து கோணிப்பையை இழுத்தான். உள்ளே தட்டுகள், கிண்ணங்கள், மெழுகுவர்த்தித் தாங்கிகள். "இனிமே வார்த்தையை நீங்க எடுத்துக் கொடுங்க, தம்பி வெட்டட்டும். குடும்பத் தொழில்!"

"நான் அகராதி ஆபீஸ்னு இவருக்கு எப்படிடா தெரியும்?" அவள் தம்பியிடம் திரும்பினாள்.

தம்பி தலை நிமிரவில்லை.

"அசல்னு சொல்ல யார் இருக்கான்னு கேட்டுக் கத்தியை எடுத்துட்டான்க்கா. எனக்கு வேற யார் பேரும் வாயில வரல."