அக்காவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது

1

இந்தக் கதை எனக்கு ஒரு குப்பைப் பையிலிருந்து கிடைத்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நானே கைவிட்டுக் கிளறினேன்.

எங்கள் தெருவுக்கு ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் புகார் சொல்லப் போயிருந்தேன். மதிய உணவு நேரம். புகார்ப் பிரிவில் நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. சரி, வயிற்றையாவது கவனிப்போம் என்று கீழ்த்தளத்துக் கேண்டீனுக்கு இறங்கினேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் தரையில் மண்டியிட்டு, பெரிய குப்பைப் பையைப் பிரித்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை. நாற்பதைத் தாண்டியிருப்பாள். மேசை துடைக்கிற அம்மாள் பதறிப்போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மோதிரமாம்மா? கம்மலா?"

"இல்லம்மா. பல்லுல போடறது."

"செட்டுப் பல்லா? ஐயையோ, இந்த வயசுலயேவா!"

வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாயிலும் அது இருந்தது.

(அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் போடச் சோம்பல், இங்கேயே போடுகிறேன். அதற்குப் பெயர் அலைனர். பல்லின் மேல் கச்சிதமாக உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. போட்டிருப்பது வெளியே தெரியாது. கம்பி கட்டுவதற்குப் பதில் இது. சில வாரத்துக்கு ஒரு செட் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றும் பல்லை இம்மியளவு தள்ளும். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். கழற்றினால் அதற்கென்று கொடுத்த டப்பாவில் வைக்க வேண்டும். நாமோ டிஷ்யூ பேப்பரில் சுற்றித் தட்டோரம் வைப்போம், அது தட்டோடு போய்விடும். அலைனர் போட்டவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது. பேரன் எடுக்கிற வயதில் உனக்கெதற்கு இந்த ஆசை என்று கேட்கிறீர்களா? என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அவளுடைய கண்ணீர்த் துளிகள் குப்பையின் மேல்—"

அடச்சே. அவள் அப்போது அழவேயில்லை.

பிறகு இப்படி:

"மனிதன் தன் பற்களைப் பார்த்து வெட்கப்படத் தொடங்கிய நாளில்தான் நாகரிகம்—"

இது கட்டுரைப் புத்தி. எனக்கு அவ்வப்போது வரும், அடித்துப் போட்டால் அடங்கிவிடும்.

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். நானும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். சும்மா தேடியிருக்கலாம். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்தேன்.

"ஒண்ணு தொலைஞ்சா குடி முழுகிடாதுங்க. அடுத்த செட்டுக்குப் போயிடலாம். எங்க டாக்டர் அப்படித்தான் சொன்னாரு."

"இது என்னுது இல்ல சார். எங்க அக்காவோடது."

"அக்கா திட்டுவாங்களா?"

அவள் கை நின்றது. "திட்ட மாட்டா. போன மாசம் செத்துப் போயிட்டா" என்றாள். மறுபடி கை தேடத் தொடங்கியது.

3

இனி வருவதில் பாதி அவள் சொன்னது, பாதி நான் இட்டுக்கட்டியது.

அப்பாவின் தெத்துப்பல் இரண்டு மகள்களுக்கும் அப்படியே வந்திருந்தது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் படங்களிலிருந்து கல்யாணப் படங்கள் வரை இரண்டு பேரும் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்கள் முகத்தில் கண்ணாடியை மாட்டி, கண்ணாடியைப் பார்த்துச் சிரிங்க என்று சொல்வது அவள் தொழில். தான் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒருநாள் அவள்தான் ஆரம்பித்தாள்.

"நாம ரெண்டு பேரும் பல்லைச் சரி பண்ணிக்கலாமாடி?"

"பைத்தியமா உனக்கு? இந்த வயசுல யாரு பாக்கப் போறாங்க?"

"கடைசில படுக்க வைக்கிறப்பவாவது நாலு பேரு பாப்பாங்கல்ல. நேரா இருந்துட்டுப் போகட்டுமே!"

[வாசகர் கவனத்துக்கு: இந்த வரி என் கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் இவ்வளவு அப்பட்டமாக எழுதியிருக்க மாட்டேன்.]

முதல் நாளே டாக்டர் இரண்டு பேருக்கும் கணினித் திரையில் முடிவைக் காட்டினார். கோணல் பற்கள் மெல்ல மெல்ல நகர்ந்து வரிசைக்கு வந்தன. எங்கள் தொழிலில் முடிவை முதல் நாளே காட்டினால் வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். அங்கே அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு, சினிமா பார்ப்பதுபோல் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். அக்காவுக்கு அலைனரை விரலால் அழுத்தப் பொறுமை இல்லை. கடித்தே உட்கார வைப்பாள். அதனால் அவளுடையது எப்போதும் வலது ஓரத்தில் நசுங்கியிருக்கும்.

பாதி வழியில், கடையில் யாருக்கோ கண்ணாடி மாட்டிவிட்டபடியே அக்கா சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்து நர்ஸ் வந்தார். தோடும் சங்கிலியும் கைப்பையும் அக்காவின் கணவரான மாமாவின் கைக்குப் போயின. தங்கையின் உள்ளங்கையில் ஒரு பஞ்சுத்துணிப் பொட்டலத்தை வைத்தார்.

"தொண்டையில குழாய் போடணும். அதான் வாயில இருந்தத எடுத்துட்டோம். பத்திரமா வச்சிருங்க."

அது இன்னும் ஈரமாக இருந்தது.

அந்த நேரத்தில் தனக்கு என்ன தோன்றியது என்று குப்பைப் பைக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: "ஐயோ, நேரம் போகுதேன்னு நெனச்சேன் சார். கண்ணு முழிச்சதும் மொதல்ல இதத்தான் கேப்பா. இவ்வளவு நேரம் போடாம விட்டா பல்லு பழையபடி போயிடும்னு என்னையத் திட்டுவான்னு நெனச்சேன்."

கழுவினாள். அக்காவின் டப்பா கைப்பையோடு மாமாவிடம் போய்விட்டதால், தன் டப்பாவில் வைத்து மூடினாள். அக்கா கண் விழிக்கவில்லை. கடைசியில் படுக்க வைத்தபோது நாலு பேர் வந்து பார்த்தார்கள். அக்காவின் உதடுகள் மூடியிருந்தன.

4

இதுவரை எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவு பொத்திப் பொத்தி வச்சவ, அத ஏன் டிஷ்யூல சுத்தி மேசையில வச்சா? கதை விடுறீங்க."

"கதைதானே விடுறேன்."

"கதைன்னாலும் ஒரு நியாயம் வேணாமா? அது கிடக்கட்டும். கிடைச்சுதா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க."

நியாயம் இருக்கிறது. டப்பாவில் அக்காவுடையது இருந்ததால், சாப்பிடும் நேரங்களில் தங்கை தன்னுடையதை டிஷ்யூவில்தான் சுற்றி வைத்தாள். இரண்டு முறை தொலைத்தாள். அடுத்த முறை பல் டாக்டரிடம் போனபோது அவர் வழக்கமான உற்சாகத்தோடு கேட்டார்.

"ஜோடியாத்தானே வருவீங்க? அக்கா எங்க?"

"வரல" என்றாள்.

"அப்ப அவங்களோட அடுத்த செட்டையும் நீங்களே வாங்கிட்டுப் போயிடுங்க. ஆமா, உங்களுது மறுபடி தொலைஞ்சிடுச்சாமே? டப்பா எதுக்குக் குடுத்திருக்கோம்? சின்னப் பசங்க கூட ஒழுங்கா வச்சிருக்காங்கம்மா!"

தலையை ஆட்டினாள். அக்காவின் பெயர் ஒட்டிய புத்தம் புது உறைகளைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவை இன்றும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் மேல் அவளுக்கு ஒட்டுதல் இல்லை, அக்காவின் வாய்க்குள் போகாத பிளாஸ்டிக்தானே.

மறுநாள் மதியம் கேண்டீனில் டாக்டர் சொன்னபடியே செய்தாள். தன்னுடையதை டப்பாவில் வைக்க வேண்டும், அதற்கு டப்பா காலியாக வேண்டும். அக்காவுடையதை எடுத்து டிஷ்யூவில் சுற்றித் தட்டோரம் வைத்தாள். சாப்பிட்டு முடியும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. மாமா. அக்காவின் புடவைகளை என்ன செய்வது என்று கேட்டார். பேசியபடியே எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

திரும்பி வந்தபோது மேசை பளிச்சென்று இருந்தது.

5

நாங்கள் மூன்று பேரும் பைகளைக் கடைசி வரை தேடினோம். அன்று முதலில் நிரம்பிய பையைக் குப்பை வண்டி முன்பே ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மேசை துடைக்கிற அம்மாள்தான் முதலில் அழுதார்.

"வெறும் பேப்பருன்னு நெனச்சேன் தாயி. விரிச்சுப் பாக்கலயே நானு, பாவி!"

"உங்க மேல தப்பில்லம்மா" என்று அவருக்குச் சமாதானம் சொன்ன பிறகுதான் இவள் உடைந்து அழுதாள். நான் எச்சில் கையோடு நின்றேன். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கடைசியில் கேட்டாள். சொன்னேன்.

"அப்ப இத எழுதுங்க சார். எழுதினா, கிடைச்சுதுன்னு எழுதுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்தவன் காப்பாற்ற வேண்டுமே.

முடிவு ஒன்று: மேசை துடைக்கிற அம்மாள் தன் மேலங்கிப் பையில் கைவிடுகிறார். "இதாம்மா?" வலது ஓரத்தில் நசுங்கல். தங்கை அதை வாங்கி, கழுவி, டப்பாவில்—

டப்பாவில் வைத்து? அப்புறம்? மறுபடி வீடு, மறுபடி அலுவலகம், மறுபடி டப்பா. அவள் அதை வைத்திருப்பது திருப்பிக் கொடுப்பதற்கு. கிடைத்தால் மட்டும் போதாது.

முடிவு இரண்டு: தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கிறது. "கண்ணு முழிச்சுட்டாங்க, உள்ள போங்க." தங்கை டப்பாவைத் திறக்கிறாள். "எவ்வளவு நேரம்டி போச்சு, எரும!" என்று அக்கா வாயைத் திறக்கிறாள். தங்கை—

என்னால் முடியவில்லை. எத்தனையோ பேரைச் சாகடித்து எழுதியிருக்கிறேன். ஒரு பெண்ணை எழுப்பி உட்கார வைக்கக் கை வரவில்லை. பேனாவை வைத்துவிட்டேன்.

6

எங்கள் தெருவுக்கு மறுபடி தண்ணீர் நின்றது. புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த குரலில், அலைனர் போட்டவர்களுக்கு வருகிறபடி, 'ச' வரும் இடமெல்லாம் காற்று கசிந்தது. என் குரலிலும் கசிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடையாளம் கண்டுகொண்டோம்.

"எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டிருக்கேன்மா. முடிவுதான் வரல." பேச்சை மாற்றினேன். "உங்களுத இப்ப டப்பாலதானே வைக்கிறீங்க?"

"இல்ல சார். டிஷ்யூலதான்."

"டாக்டர் திட்டுவாரே."

"திட்டட்டும். டப்பா காலியா இருக்கணும்ல?"

அவள் தெருப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சாயந்தரத்துக்குள் ஆள் வருவார் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இந்தக் கதையை முடிக்க எனக்குத் திராணி இல்லை. உங்களிடம் விடுகிறேன். நீங்கள் எங்கெங்கோ சாப்பிடுகிறவர்கள். எழும்போது மேசையோரம் கசங்கிய டிஷ்யூ பேப்பர் ஒன்று கிடந்தால், தூக்கிப் போடும் முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது அக்காவுடையதானால் வலது ஓரம் நசுங்கியிருக்கும். கழுவுவதானால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்.

டப்பா அவளிடம் இருக்கிறது.