ஸ்டிக்கர் எண் பதினான்கு

மலைக்குக் கொண்டுபோகும் எல்லாவற்றுக்கும் வனத்துறை செக்போஸ்டில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கொண்டுபோனது திரும்பி வர வேண்டும், மலையில் குப்பை சேரக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். துளசிமணியின் தண்ணீர் பாட்டில்களுக்கு ஆறு, பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கு ஐந்து, கூடாரத்துக்கு ஒன்று, அடுப்பும் சட்டியும் கரண்டியும் இருந்த பைக்கு ஒன்று. பதினான்காவது ஸ்டிக்கரை அங்கே காவலுக்கு இருந்த வாட்சர் அவள் கணவர் நல்லசிவத்தின் நெற்றியில் ஒட்டினார்.

அனுமதிச் சீட்டு துளசிமணியின் பேரில் இருந்தது. ஆகவே அவள் ஆள், மற்றதெல்லாம் சாமான். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற மனிதர் இல்லை நல்லசிவம். ஆண்டுக்கொரு சிகரம் என்று இருபத்திரண்டு வருடமாக அவள் இழுத்த இழுப்புக்கெல்லாம் கூடாரம் சுமந்து வந்தவர். அவருக்கு மலை பிடிக்குமா என்று அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

மூன்று மணி நேரத்தில் உச்சியை அடைந்தார்கள். கூடாரம் அடித்தார்கள், உப்புமா கிண்டினார்கள், தூங்கினார்கள். விடியற்காலையில் மழை பெய்து ஓய்ந்தது. இறங்கி வந்ததும் வாட்சர் சாமான்களை எண்ணினார். பதின்மூன்றோடு நின்றார்.

"பதினாலு எங்கீங்க?"

"இவருதானுங்க. மழையில ஸ்டிக்கர் போயிருச்சுங்க."

"ஸ்டிக்கர் இல்லீனா அது மலையோட சாமானுங்க. மலையில இருந்து ஒரு பூவக்கூட எடுத்துட்டுப் போகக் கூடாது. போர்டு பாக்கலீங்களா?"

"எங்க வீட்டுக்காரருங்க!"

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க."

ஸ்டிக்கரைத் தேடி இருவரும் மறுபடி ஏறினார்கள். நேற்றுப் பன்னிரண்டாக இருந்த வளைவுகள் இன்று நாற்பது ஆகியிருந்தன. ஒன்பது மணி நேரம் ஏறினார்கள். கைக்கடிகாரம் பகல் பதினொன்றிலேயே இருந்தது. நல்லசிவத்தின் தோளில் பாசி படிந்திருந்தது. அவள் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். அடுத்த வளைவில் பார்த்தால் மறுபடி படிந்திருந்தது.

"வலிக்குதுங்களா?"

"இல்ல. குளுகுளுன்னு இருக்குது."

அந்தப் பதில் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஸ்டிக்கர் உச்சியிலேயே இருந்தது. கூடாரம் அடித்த இடத்தில், பூசணிக்காய் அளவுள்ள ஒரு கல்லின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினாள். வெந்நீர் ஊற்றினாள். கரண்டிக்காம்பால் நெம்பினாள். ஓர் ஓரம்கூடப் பெயரவில்லை. நல்லசிவம் கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

செக்போஸ்டில் வாட்சர் கல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"பதினாலு. கணக்குச் சரியாப் போச்சுங்க. கூட்டிட்டுப் போங்க."

"இது கல்லுங்க!"

"நோட்டுல கல்லுன்னு எழுதலீங்களே. பதினாலுன்னுதான் எழுதியிருக்குது."

துளசிமணி கத்தினாள். கும்பிட்டாள். கடைசியில் சேற்றில் மண்டியிட்டு வாட்சரின் காலைப் பிடித்துக்கொண்டாள். சிகரங்களைத் தவிர வேறெதையும் அவள் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை, யாரிடமும் குனிந்து பழக்கமும் இல்லை. வாட்சர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"மலைகிட்ட இல்லாதது இவருகிட்ட ஏதாச்சும் ஒண்ணே ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. எழுதிட்டு உட்டர்றேன்."

"அதிகம் பேசமாட்டாருங்க."

"மலையும் பேசாதுங்க."

"நில்லுன்னு சொன்ன எடத்துல நிப்பாருங்க."

"அதுவும் அப்படித்தானுங்க."

"நான் என்ன திட்டி வஞ்சாலும் வாங்கிக்குவாருங்க."

வாட்சர் அண்ணாந்து மலையைப் பார்த்தார். "இதப் போயி யாரு வேணும்னாலும் வையலாமுங்க. ஒண்ணும் சொல்லாது."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே கூடாரத்துக்குள் படுத்திருக்கிறாள். ஒரே ஒரு விஷயம் சொல்லத் தெரியவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கீழுதடு லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. இதுவரை அந்த உதட்டை இப்படிப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. சட்டென்று எழுந்து நின்றாள்.

"பயப்படுவாருங்க! மலைக்குப் பயம் கெடையாதுல்ல? இவரு இப்பப் பயந்துட்டுத்தான் நிக்கிறாரு. நீங்களே கேளுங்க!"

வாட்சர் யோசித்தார். மலைக்குப் பயம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"ஏனுங்க, உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா?"

நல்லசிவம் வாட்சரைப் பார்த்தார். பிறகு துளசிமணியைப் பார்த்தார். அவள் முகமெல்லாம் கண்ணீர். அவள் அழுதால் சொல்வதற்கு அவரிடம் ஒரே வாக்கியம்தான் உண்டு. மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதைத்தான் சொன்னார். வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோதும் அதைத்தான் சொன்னார்.

"சேச்சே, எனக்கென்ன பயம்," என்றார். "நீ அழுவாத துளசி."

வாட்சர் எழுதிக்கொண்டார். செக்போஸ்டின் தடுப்புக் கம்பம் இறங்கியது. அவள் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

"பொய் சொல்றாருங்க! கையப் பாருங்க, நடுங்குது!"

"காத்து அடிக்குதுங்க. மரமெல்லாம்கூடத்தான் ஆடுது."

"ஏனுங்க, உண்மையச் சொல்லுங்க! ஒரு தடவ சொல்லித் தொலைங்க!"

நல்லசிவம் சிரித்தார். அவளுக்குத் தைரியம் கொடுக்கிற சிரிப்பு. அவர் கழுத்துவரை பாசி ஏறியிருந்தது. ஐந்து மணிக்குப் பிறகு சாமான் எதுவும் இங்கே இருக்கக் கூடாது என்றார் வாட்சர். அவள் அழுதுகொண்டே கல்லின் பக்கம் குனிந்தாள்.

"குனிஞ்சு தூக்காத, இடுப்புப் புடிச்சுக்கும்," என்றார் நல்லசிவம். குரல் இப்போது வெகு உயரத்திலிருந்து வந்தது. "முட்டிய மடக்கித் தூக்கு."

அவர் சொன்னபடியே தூக்கினாள். பஸ் நிறுத்தம் வரை எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கேட்பதற்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"ரொம்ப," என்றது கல்.