நாலாயிரம் சிவப்பு வரிகள்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஒரு மென்பொருள் அலுவலகம். அங்கே ஒரு வழக்கம். மென்பொருளைக் கெடுத்தவர் அன்று சாயங்காலம் எல்லோருக்கும் பிசாங் கோரேங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தர வேண்டும். பயிற்சியில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ரெங்கானிஸுக்கு அந்தச் சலுகையே முள்ளாய்க் குத்தியது. அவளுடைய மூன்று மாதப் பயிற்சி இன்றோடு முடிகிறது. கோப்புகளைத் திருத்த அவள் எழுதிய ‘எடிட்டர்’ மென்பொருளைச் சோதிக்கும் லிலிஸ் சரி என்றால்தான் வேலை நிரந்தரம்.

பதினொரு மணிக்கு லிலிஸ் கூப்பிட்டாள். அவளுக்கு ரெங்கானிஸ் ‘நெங்’, தங்கச்சி; ரெங்கானிஸுக்கு அவள் ‘தேத்தே’, அக்கா.

“ஏ நெங், இங்க வா. ஒரே ஒரு எழுத்தைத் திருத்திச் சேமிச்சேன். நாலாயிரம் வரியும் மாறிடுச்சுன்னு சிவப்பா காட்டுது.”

“எல்லாம் அப்படியேதானே இருக்கு, தேத்தே?”

“உன் கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். பழைய கோப்போட ஒப்பிட்டுப் பாத்தா அத்தனை வரியிலயும் நான் கை வச்சதா என் பேர் நிக்குது. எனக்குத் தேவையா இது?”

ரெங்கானிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் வைக்கும். லினக்ஸுக்கு ஒன்று போதும். அவள் தன் லினக்ஸ் கணினியில் பிறந்த கோப்புகளை மட்டுமே போட்டுப் பார்த்திருந்தாள். லிலிஸ் திறந்ததோ விண்டோஸ் கோப்பு. எடிட்டர் வரிக்கு ஒரு குறியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது.

சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்ததும் ஒவ்வொரு வரியும் எப்படி முடிகிறது என்று எடிட்டர் நினைவில் வைத்து, சேமிக்கும்போது அப்படியே எழுத வேண்டும். ஒரே கோப்பில் இரண்டு விதமும் கலந்து கிடந்தால்? எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடக் கை அரித்தது. கேட்காமல் அடுத்தவர் வீட்டைப் பெருக்குவானேன் என்று விட்டுவிட்டாள்.

நான்கு மணிக்கு லிலிஸ் வேண்டுமென்றே ஒரு கோப்பை எடுத்தாள். பாதி விண்டோஸ், பாதி லினக்ஸ். ஓர் எழுத்தைத் திருத்தினாள், சேமித்தாள், ஒப்பிட்டாள்.

திரையில் சிவப்பாக ஒரே ஒரு வரி.

லிலிஸ் சோதனை அறிக்கையில் எதையோ தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். “போ, போய் பிசாங் கோரேங் வாங்கிட்டு வா. காலையில கெடுத்தது நீதானே?”

“நானா? பயிற்சியில இருக்கறவங்களுக்குத்தான் விலக்கு உண்டே, தேத்தே!”

“இங்க எவ பயிற்சியில இருக்கா?”

ரெங்கானிஸுக்கு மகிழ்ச்சியில் கண் நிறைந்துவிட்டது. பர்ஸை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கினாள்.