மேலே என்ன இருந்தது

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் ரிசர்வேஷன்காரர்.

அருவிக்கு முன்னால் நின்றுகொண்டுதான் கேட்டார். பாறை இடுக்கிலிருந்து குதித்த தண்ணீர் பாதி வழியிலேயே புகையாகப் பிரிந்து, கீழே நின்றவர்களின் முகத்தில் பூந்தூறலாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை வாயை ஆவென்று திறந்து அதைக் குடிக்கப் பார்த்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம தெருவுல பைப் உடைஞ்சப்ப இதவிட ஜோரா வந்துச்சு" என்றார். பக்கத்தில் நின்ற இளம் ஜோடிக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னார். அவர்கள் சிரிக்கவில்லை. அவர் மனைவியும் சிரிக்கவில்லை. ஈர முடியை ஒதுக்கிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று அவள் வாயெடுப்பதற்குள் அவர் காரைப் பார்த்து நடந்துவிட்டார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் ரிசர்வேஷன் சார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ரயில் நிலையத்தின் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். நாட்டில் பார்க்கவேண்டிய இடம் என்று யார் எதைச் சொன்னாலும் அதற்கெல்லாம் டிக்கெட் கொடுத்தவர். எந்த ஏரிக்கு எங்கே இறங்கவேண்டும், எந்தக் கோட்டைக்கு எங்கே வண்டி மாறவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கப் போகிறவர்களைப் பற்றி மட்டும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு சொல்வார்: "வரிசைல அடிச்சுப் பிடிச்சு வந்து டிக்கெட் வாங்குறான். போனவன் பூராப் பேரும் திரும்பி வந்துடுறான். அங்க ஏதாவது இருந்துச்சுன்னா எதுக்குத் திரும்பி வரான்? அங்கயே இருந்துட வேண்டியதுதானே?"

கல்யாணமான புதிதில் அவள் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பின்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

குடும்பத்தோடு போய்வர வருஷாவருஷம் இலவச பாஸ் கிடைத்தது. அவருடன் வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பெண்கள் பனியை உருட்டிவிட்டு வந்தார்கள், படகில் படுத்துத் தூங்கிவிட்டு வந்தார்கள். இவள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே கதை கதையாகச் சொன்னார்கள். இவர் உள்ளே இருந்து, "ஓசின்னா ஊர் ஊரா அலைவாளுங்க" என்பார். மலை என்றால் கல், கடல் என்றால் உப்புத்தண்ணீர், இதற்கு ஒரு பயணமா?

அவளுடைய அக்கா வாழ்க்கைப்பட்டுப் போனது ஒரு கடற்கரை ஊருக்கு. ஆறு கடலில் சேரும் இடத்தில் நீளமான பாலம் ஒன்றைத் தாண்டினால் அக்காவின் ஊர். பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்துதான் போகும், இரண்டு பக்கமும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று அக்கா போனில் சொல்வாள். "வாயேன்டி, ஒரு தடவ வந்துதான் பாரேன்." தனியாகப் போகிறேன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "கேக்குறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? புருஷன் எங்கன்னு கேப்பாங்கல்ல?" என்றார். அக்கா படுக்கையில் விழுந்தபோது லீவு கிடைக்கவில்லை. அக்கா இறந்துபோன காலையில் இவள் அழுதுகொண்டே பையில் துணியை அடைத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துடுவாங்க" என்றார். ரயில் நேரம் அறிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவள் துணிகளை வெளியே எடுத்து மறுபடி மடித்துவைத்தாள்.

இந்த மலைப் பயணம் மூத்த மகளின் ஏற்பாடு. ரூம், கார் எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து சொன்னாள். மாப்பிள்ளை முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவருக்கு வரவில்லை. மலைப்பாதையில் கார் ஏறத் தொடங்கியதுமே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர், "சார், இடது பக்கம் பாருங்க சார்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். துண்டுக்குள்ளிருந்து, "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்று பதில் வந்தது. பள்ளத்தாக்கு முனையில் எல்லோரும் கம்பிவேலியைப் பிடித்து எட்டிப் பார்த்தபோது இவர் கார் கதவில் சாய்ந்தபடி, "எனக்கு இங்கருந்தே தெரியுது" என்றார். ஏரியைக் கொசு முட்டை போடும் இடம் என்றார். பூங்காவில் பூக்களின் பெயர்ப் பலகைகளில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தார்.

இரண்டாம் நாளிலிருந்து அவள் இடங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தாள். காதுமடலில் முளைத்திருந்த முடி. குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைப் பேன்ட்டுக்குள் திணித்திருந்த அழகு. மற்றவர்கள் வாயைப் பிளந்து நின்ற இடத்திலெல்லாம் வாயைக் கோணிக்கொண்டு நின்ற அந்த நிற்பு. நாட்டில் பார்க்க எத்தனையோ இருக்க, இத்தனை வருஷம் நான் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் ரோப் காருக்குப் போனார்கள். இந்த மலையிலிருந்து எதிரே இருந்த உயரமான மலைக்குக் கம்பி கட்டி, கண்ணாடிப் பெட்டிகள் நகர்ந்துகொண்டிருந்தன. வரிசையில் நின்ற நேரம் முழுக்க அவர் முன்னால் நின்றவர்களை நக்கலடித்துக்கொண்டே வந்தார். நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. பெட்டி வந்து கதவு திறந்ததும் அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள். மணிக்கட்டில் ஏதோ இறுகியது. அவர் கை. சில்லென்று வியர்த்திருந்தது.

"என்னங்க?"

"வேணாம். வா, போயிடலாம். ஒண்ணுமில்ல இதுல."

"பெரியவரே, ஏறுறீங்களா, இல்லையா? பின்னாடி ஆள் நிக்குதுல்ல?" என்றான் கதவைப் பிடித்திருந்த ஊழியன். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் உதடு வெளுத்திருந்தது. கண் பெட்டிக்கும் தளத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் குத்திட்டு நின்றது. அதன் வழியாகத் தெரிந்த ஆழத்தில் மரங்கள் பாசி மாதிரி இருந்தன.

அவளுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. துண்டு. கார் கதவு. காலாவதியான பாஸ்கள். பாலம்.

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பயமா இருக்கு என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், சரி நீங்க இருங்க என்று அவள் தனியாகப் போயிருப்பாள். அக்காவின் வாசலில் இறங்கியிருப்பாள். இந்த மனுஷன் தன் பயத்தை மூடி மறைப்பதற்காக ஊரையும் கடலையும் மலையையும், கடைசியில் அக்காவின் சாவையும் அல்பமாக்கிவிட்டாரே என்று நினைத்தாள். கையை உதறினாள். ஏறி உட்கார்ந்தாள். கதவு மூடிக்கொண்டது.

பெட்டி கம்பத்தைத் தாண்டும்போது ஒரு குலுக்குக் குலுக்கியது. அவளும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, "முதல் தடவையாம்மா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினாள். மேகம் வந்து கண்ணாடியை மூடியது. எதிர் மலையில் இறங்கியபோதும் அது விலகவில்லை. ஒரு டீக்கடை, ஒரு கழிப்பறை, நனைந்த சிமென்ட் பெஞ்சுகள். வேலிக்கு அப்பால் ஒரே வெள்ளை, வேறு எதுவுமே இல்லை. அரை மணி நேரம் நின்றாள். தண்ணியாக இருந்த டீயைக் குடித்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அந்த மனுஷன் மேலே வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதே வார்த்தை அவள் நாக்கிலும் வந்து நின்றபோது டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

கீழே அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பழைய நிறம் திரும்பியிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன இருந்துச்சு மேல?"

ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும், அவர் குளிர்ந்துபோவார். அதற்காகத்தான் கேட்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"சொன்னாப் புரியாது" என்றாள். "வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

ரூமுக்குத் திரும்பக் காரில் ஏறியதும் அவர் சாய்ந்துகொண்டார். துண்டைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், முகத்தில் போடவில்லை. கண்ணை மட்டும் இறுக மூடியிருந்தார்.

குளித்துவிட்டு வந்து அவரே மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவினார். "ரோப் கார்ல போனோம்மா. பரவால்ல. கம்பி நல்ல உறுதியாத்தான் போட்டிருக்கான். அந்தப் பக்கம் போனா மொத்தப் பள்ளத்தாக்கும் தெரியுது. ஆறு கூடத் தெரிஞ்சுது, கோடு மாதிரி." ஒரு பாராட்டும் வராத அந்த வாயிலிருந்து வர்ணனை சரளமாக வந்துகொண்டிருந்தது.

"அப்பாவா? ரோப் கார்லயா?" மகள் சிரித்தாள். "அம்மாகிட்டக் குடுங்க. அம்மா, நெஜமாவே அப்பா ஏறினாரா?"

அவள் போனைக் கையில் எடுத்தாள். கண்ணாடிக்குள் அவர் அவளைப் பார்த்தார். சீப்பு ஈரத்தலையில் பாதி வகிடோடு நின்றிருந்தது. சீப்பின் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவருடைய கழுத்தில் இறங்கி, காலருக்குள் போயிற்று. அவர் துடைக்கவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"