முகாம் வாசலில் அக்கா

சந்தைத் தெருவில் சுடத் தொடங்கியபோது அவன் முகாம் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். சார்ஜென்ட் ஓடிவந்து ஒலிபெருக்கியைக் கையில் திணித்தார். பாதி டம்ளர் டீ அப்படியே நின்றது.

அமைதிப்படைக்கு அவன் மொழிபெயர்ப்பாளன். நீலத்தொப்பிக்காரர்கள் சொல்வதை ஊராரிடமும், ஊரார் சொல்வதை அவர்களிடமும் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரன்தான். ஆனால் ஊரில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். எந்தப் பக்கம் திருகினாலும் பேசும், சொந்தமாக மட்டும் ஒரு வார்த்தை வராது என்று முடிவெட்டுகிறவர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஊரை ஒட்டித்தான் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ராணுவம், அந்தப் பக்கம் ஒரு ராணுவம். நடுவில் இவர்கள். சண்டைநிறுத்தத்தை யார் மீறினாலும் பார்த்து எழுத வேண்டும். தங்களை நோக்கிச் சுட்டால் மட்டுமே சுடலாம். தலைமையகத்தின் அனுமதி இல்லாமல் வெளியாள் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது. தலைமையகமோ இரண்டு ராணுவங்களிடமும் பேசிவிட்டுத்தான் அனுமதி தரும். இல்லாவிட்டால் ஒரு தரப்புக்குச் சாய்ந்துவிட்டார்கள் என்று பேச்சு வரும்.

இரும்புக் கதவுக்கு வெளியே அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்ப்பக்கச் சிப்பாய்கள் கோட்டைத் தாண்டிச் சந்தைக்குள் வந்துவிட்டார்களாம்; மூட்டையும் முடிச்சுமாகத் தெருவே வந்திருந்தது. கேப்டன் சொல்லச் சொல்ல அவன் ஒலிபெருக்கியில் சொன்னான்.

"பதற்றப்படாதீர்கள். நாங்கள் உங்கள் பாதுகாப்புக்காகவே இருக்கிறோம். வாசலை விட்டு விலகி நில்லுங்கள்."

"யாருடா அந்த நாங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

அக்கா. இடுப்பில் சின்னவள், கையில் பெரியவள். பின்னால் மாமா ஒரு பால்பவுடர் டப்பாவை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"டேய், அந்தக் குழாயைக் கீழ வெச்சுட்டுக் கதவைத் திறடா!"

அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று கேப்டன் கேட்டார்.

"கதவைத் திறக்கச் சொல்றாங்க. என் அக்கா அவங்க."

கேப்டன் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு வயர்லெஸ் பக்கம் திரும்பினார். அதில் தலைமையகத்திலிருந்து 'காத்திருக்கவும்' என்றே வந்துகொண்டிருந்தது. சந்தைப் பக்கம் புகை எழுந்தது. கூட்டம் கதவோடு கதவாக நெருக்கியது.

"போன வருஷம் வேற நாட்டுல இதே மாதிரி ஒரு கதவைத் திறந்தேன்," என்றார் கேப்டன். "கூட்டத்தோட கூட்டமா துப்பாக்கிக்காரங்க வந்துட்டாங்க. என் ஆளுங்க ரெண்டு பேரைப் பெட்டியில வெச்சு வீட்டுக்கு அனுப்பினேன்."

"நான் வெளிய போய்ச் சோதிச்சுப் பாக்கறேன். எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"என் ஆளை நான் வெளிய அனுப்ப முடியாது."

அவன் நீல மேலாடையைக் கழற்றிச் சார்ஜென்டிடம் கொடுத்தான். "இப்ப நான் உங்க ஆள் இல்ல."

"அப்ப திரும்பி உள்ள விடவும் எனக்கு அனுமதி வேணும். புரியுதா?"

புரிந்தது. ஆனாலும் பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியே வெளியே போனான்.

ஒவ்வொரு மூட்டையாக அவிழ்க்கச் சொன்னான். சிலர் திட்டினார்கள்; முடிவெட்டுகிறவர் கத்திப் பெட்டியைத் தானே நீட்டினார். மாமாவின் முறை வந்தது. அவர் டப்பாவைக் கொடுக்கவில்லை.

"மாமா, திறங்க."

"பிள்ளைக்குப் பால்பவுடர், மாப்ள."

அவனே வாங்கி உள்ளே கையை விட்டான். பவுடருக்கு அடியில் துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி தட்டுப்பட்டது.

"இதைச் சாக்கடையில போட்டுட்டு உள்ள வாங்க."

"போன தடவை என் மருந்துக்கடையை உடைச்சப்ப உங்க நீலத்தொப்பி என்ன பண்ணுச்சு? வந்துச்சு, பாத்துச்சு, எழுதிக்கிட்டுப் போச்சு. அப்புறம்தான் இதை வாங்கினேன்."

"இது இருந்தா ஒருத்தரையும் விட மாட்டாங்க மாமா. பிள்ளைங்களையும்தான்."

அக்கா கணவனையே பார்த்தாள். மாமா பெரியவளின் தலையைத் தடவினார். துப்பாக்கியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு டப்பாவை அக்காவிடம் கொடுத்தார். "கடையைப் பாத்துட்டு வரேன்," என்று சாதாரண நாளில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, எல்லாரும் ஓடிவந்த திசைக்கு நடந்தார்.

அவன் கதவருகே வந்து கேப்டனிடம் சொன்னான்.

"துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. போயிடுச்சு. இனி இல்ல."

வயர்லெஸ் மறுபடி 'காத்திருக்கவும்' என்றது. "சரி, காத்திருக்கிறேன்," என்று அதில் சொல்லிக்கொண்டே கேப்டன் கதவைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கடைசியாக அவன் வந்தான். யாரும் தடுக்கவில்லை.

வண்டிக் கொட்டகையில் எல்லாரும் படுத்தார்கள். அக்கா படுக்கவில்லை, தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. மறுநாள் துப்பாக்கிச் சூடு ஓய்ந்ததும் எதிர்ப்பக்க ராணுவம், ஆயுதக்காரர்களுக்கு முகாம் அடைக்கலம் கொடுத்தது என்று புகார் செய்தது. தலைமையகத்திலிருந்து விசாரணைக்கு வந்துவிட்டார்கள். அவனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"ஆயுதம் எதையாவது பார்த்தீர்களா?"

மொழிபெயர்க்க யாருடைய வாக்கியமும் இல்லை. இல்லை என்று சொல்லிவிடலாம்.

"பார்த்தேன். அது உள்ளே வரவில்லை."

"யாருடையது?"

"என் அக்கா வீட்டுக்காரருடையது."

கேப்டனை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஆயுதம் இருந்தது தெரிந்தும் உத்தரவுக்கு முன்னால் கதவைத் திறந்தாராம். ஜீப்பில் ஏறும்போது அவன் கேட்டான்: "நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

"சொல்லியிருந்தா நான் இங்கேயே இருந்திருப்பேன்," என்றார் அவர். "ஆனா அடுத்த தடவை நீங்க உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. எது சரின்னு தெரியல."

மாமா அந்த வாரக் கடைசியில் நடந்தே திரும்பி வந்தார். எதிர்ப்பக்கச் சிப்பாய்கள் கடையிலேயே பிடித்து, துப்பாக்கியைப் பறித்து, விரல்களை உடைத்து, கோட்டருகே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடை கரியாகிவிட்டது. குடும்பமே அவன் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தது. அக்கா அவனுக்குச் சோறு போட்டாள். தட்டைச் சத்தத்தோடு வைத்தாள். மாமா அவன் இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

ஒரு காலையில் தெற்கே மறுபடி வெடிச்சத்தம் கேட்டது. அக்கா கைக்கு வந்ததைப் பையில் திணிக்கத் தொடங்கினாள்.

"புதுக் கேப்டன் திறப்பாரா?"

"தெரியலக்கா. போய்க் கேக்கறேன்."

"நீ கேட்டு, அவர் மேல கேட்டு, அவங்க இன்னொருத்தரைக் கேட்டு... அதுக்குள்ள பொழுது போயிடும்டா."

அவன் செருப்பைத் தேடினான். கட்டுப்போட்ட கையோடு மாமா எழுந்து நின்றார். இத்தனை நாளில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"சின்னவளை நீ தூக்கிக்கோ மாப்ள. என்னால பிடிக்க முடியாது."

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். சத்தம் நெருங்குமுன் முகாம் பாதையில் வேகமாக நடந்தார்கள்.